சர்க்கரை டாக்டரும் பல் டாக்டரும்

என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறார். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. போன வருஷம் மழைக்காலத்தில் கீழ்ப்பல் ஆட ஆரம்பித்தது. ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் வந்தது. சோற்றைக் கரைத்துத்தான் குடித்தார். பக்கத்தில் வந்து பேசினால் நானே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு வாய் நாறியது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது பல்லைப் புடுங்கினா புண்ணு ஆறாதும்மா. மொதல்ல கொறைச்சிட்டு வாங்க," என்றார்.

அவர் வழக்கமாகப் போகிற சர்க்கரை டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நான் அரிசியைக் குறைத்தேன், டீயில் இனிப்பை நிறுத்தினேன். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு அசையவே இல்லை. வெளியே எதையாவது தின்றுவிட்டு வருகிறார் என்று சந்தேகப்பட்டு வீட்டில் சண்டை போட்டேன்.

"நான் தண்ணி குடிக்கவே வலிக்குதுங்கறேன், வடை எங்கடி துன்றது?" என்று கத்தினார்.

அடுத்த தடவை சர்க்கரை டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "ஈறு இப்படிப் புண்ணா இருந்தா சர்க்கரை எப்படி எறங்கும்? மொதல்ல பல்லைப் பாத்துட்டு வாங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பப் பல் டாக்டரிடம் போனோம். அவர் அதே பாட்டைத் தொடங்கியதும் சர்க்கரை டாக்டரின் மருந்துச் சீட்டில் இருந்த நம்பரைப் போட்டு, போனை அவர் கையில் திணித்தேன்.

"நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணுங்க. நாங்க இங்கயும் அங்கயும் அலைஞ்சது போதும்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இடுக்குல கிருமி படலம் படலமா ஒட்டியிருக்கும்மா. பிரஷ் அங்க போவாது. அதால ஈறு புண்ணானா சர்க்கரை எறங்காது. சர்க்கரை எறங்கலன்னா ஈறு ஆறாது. புடுங்கறத அப்புறம் பாப்போம். இப்ப இடுக்கைச் சுத்தம் பண்ணிடறேன்."

இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சில வாரம் வரவழைத்து, ஈறுக்கடியில் கல் மாதிரி இறுகியிருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தார். வீக்கம் வற்றியது, நாற்றம் போனது. சர்க்கரையும் மெல்லக் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு பல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் யாரோ வேப்பூர்க்காரர் சொன்னாரென்று என் கணவர் பாகற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கியிருந்தார். போன வாரம், கூட வேலை பார்க்கிற ஒருவர் ஈறில் ரத்தம் வருகிறதென்று யோசனை கேட்க வீட்டுக்கு வந்தார்.

"எல்லாம் பாகக்கா சாறுதான். வேற ஒண்ணுமில்ல," என்றார் இவர்.

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். "அவரு சொல்றத கேக்காதீங்க. நேரா பல் டாக்டர்கிட்ட போங்க. இடுக்குல இருக்கற கிருமிய எடுத்தாத்தான் சரியாவும்."

வந்தவர் மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "சாறு வெறும் வயித்துலயா குடிக்கறீங்க, அண்ணே?" என்று கேட்டார்.