வெர்டியின் குளத்துக் காவல்

எங்கள் ஊரில் பைத்தியம் யார் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் வெர்டி லாண்ட்ரினோவைக் காட்டுவார்கள். மீதி இரண்டு பேர் அவளுக்குச் சொந்தக்காரர்கள். தன் நாயைத் தின்ற முதலையைச் சுட வந்தவர்களை, அழுத கண்ணோடு வாசலில் நின்று திருப்பி அனுப்பியவளை வேறு என்னவென்று சொல்வது? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பெயர் ஓவி. பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஓடையில் படகு ஓட்டி, வருகிறவர்களுக்கு முதலை காட்டுவது என் பிழைப்பு. இந்தக் கதையில் குற்றவாளி நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் என்னை நல்லவன் என்று நம்பி ஏமாற வேண்டாம்.

வெர்டி இருபத்திரண்டு வருடம் இறால் கொட்டகையில் தோலுரித்தவள். புருஷன் ஹியூவிட் கடலில் எண்ணெய்க் கிணற்றில் பதினைந்து நாள், வீட்டில் பதினைந்து நாள் என்று இருந்து, ஒருநாள் வீட்டுப் பதினைந்தில் தூக்கத்திலேயே போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த புயல் வீட்டையும் கொண்டுபோனது. சரணாலயத்தில் கழிவறை கழுவத்தான் அவளைச் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் எல்லாப் பூட்டுக்கும் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. குளத்துப் பக்கம், தூண்கள் மேல் நிறுத்திய ஒற்றையறை வீட்டில் குடியிருந்தாள். லூசியானா முழுக்கப் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற பேராசிரியர்கள் அவளிடம் வந்து, "மிஸ் வெர்டி, இந்த வருஷம் எப்ப முட்டை வைக்கும்?" என்று கேட்டுப் போவார்கள். அவள் காற்றை முகர்ந்து பார்த்துத் தேதி சொல்வாள். தப்பியது கிடையாது.

குளத்தின் நடுவே ஒரு சிறு தீவு. அதில் நெருக்கியடித்து நிற்கும் மரங்களில் வெள்ளைக் கொக்கும், ரோஜா நிறக் கரண்டிவாயனும் நானூறு கூடு கட்டும். வருகிறவர்கள் பலகைப் பாதையில் நடந்து, அதன் முனையில் நின்று பார்ப்பார்கள். தீவைச் சுற்றியுள்ள தண்ணீரில் பன்னிரண்டடி முதலை ஒன்று கிடந்தது. வெர்டி அதற்கு டீக்கன் என்று பெயர் வைத்திருந்தாள். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டோடு நிற்கிற டீக்கன் மாதிரி, வாய் பேசாமல் நின்று, மேலேயிருந்து விழுவதை வாங்கிக்கொள்வானாம். விழுவது என்றால் கூட்டிலிருந்து தவறும் குஞ்சு.

"வேலியே பயிரை மேயுது, அதுக்கு நீங்க பேர் வேற வெச்சிருக்கீங்க," என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"மேயட்டும்டா. நாலு குஞ்சைத் தின்னுட்டு நானூறு கூட்டைக் காக்குறான். வேலியைப் புடுங்கிப் பாரு, மாடு மந்தையா வரும்."

மாடு என்று அவள் சொன்னது ரக்கூன் என்ற, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய விலங்கை. கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிய திருடன் போல முகம், பிள்ளைக் கை மாதிரிக் கை. நீந்தும், மரம் ஏறும், ஒரே இரவில் ஐம்பது கூட்டைத் துழாவி முட்டையை உறிஞ்சிவிட்டுப் போகும். டீக்கன் இருந்தவரை ஒன்றுகூடத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. வைத்தது திரும்பியதில்லை. அந்த முதலைக்காகத்தான் பறவைகள் இங்கே வருகின்றன என்பது வெர்டியின் கணக்கு. அவளுடைய செல்ல நாய் பிட்டூ ஒரு மாலை தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது டீக்கனின் வாய்க்குப் போயிற்று. இரண்டு நாள் அவள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் தன் கையாலேயே 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை எழுதி மாட்டினாள்.

இப்போது என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மார்ஷ்மெல்லோ என்ற வெள்ளை மிட்டாயைத் தண்ணீரில் எறிவோம். மெத்தென்று மிதக்கும். கூட்டிலிருந்து விழுந்த முட்டை என்று நினைத்தோ என்னவோ, முதலை நீந்தி வந்து வாயைத் திறக்கும். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். துடுப்பால் படகின் விளிம்பில் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் எறிவேன். இரண்டு வருடத்தில் தட்டினாலே வர ஆரம்பித்தன. முன்னங்கால் ஒன்றை இழந்த ஒரு பத்தடிக்காரன், நொண்டி, என் கையிலிருந்தே வாங்கித் தின்பான். பெண்கள் வீரிடுவார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். என் படகின் பெயர் லேடி பெர்ல். அந்தப் பெயரை அச்சடித்த சின்னப் பைகளில் மிட்டாய் போட்டு வருகிறவர்களுக்கே கொடுத்து எறியச் சொல்வேன்.

"மனுஷன் கையில சோறு இருக்குன்னு கத்துக்குடுக்குறியே, நாளைக்குக் கையே சோறுன்னு நினைச்சா?" என்று வெர்டி கேட்டாள்.

"உங்க டீக்கனுக்கு மட்டும் விருந்து, என் ஓடைப் பசங்க பட்டினியா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன மார்ச்சில் வெளியூர்க் கூட்டம் ஒன்றைப் படகில் காட்டிவிட்டு, அப்படியே சரணாலயத்தின் பலகைப் பாதைக்கும் கூட்டிவந்தேன். பறவைகள் முட்டை மேல் உட்கார்ந்திருந்தன. அசையவில்லை. கூட்டம் கொட்டாவி விட்டது. வெர்டி சாப்பிடப் போயிருந்தாள். எனக்குக் கை அரித்தது. பலகைக் கைப்பிடியில் மூன்று தட்டுத் தட்டி, மிட்டாயை எறிந்தேன். முதல் நாள் டீக்கன் வரவில்லை. நான்காம் நாள் வந்தான். அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டு நேரம் எனக்குக் காட்சி நேரம் ஆயிற்று. ஒருநாள் அவள் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டுப் பதறி, கையிலிருந்த பையை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டேன். டீக்கன் பையோடு விழுங்கினான். அவள் வந்து என்னைப் பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். நான் அன்று அங்கே இல்லை. பிள்ளைகள் பலகையில் தடதடவென்று குதித்திருக்கிறார்கள். டீக்கனுக்கு அது என் தட்டுதான். பாதி உடம்பைப் பலகை மேல் ஏற்றி, ஆசிரியையின் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். யாருக்கும் கீறல் இல்லை. ஆனால் மனிதர்களைக் கண்டு பயப்படாத முதலையை விட்டுவைக்க எங்கள் ஊர்ச் சட்டம் சம்மதிக்காது. மறுநாளே உத்தரவு வந்தது. அனுமதி பெற்ற வேட்டைக்காரன் நோலன் தூண்டிலும் துப்பாக்கியுமாக வந்தான்.

வெர்டி அவன் வண்டிக்கு முன்னால் நின்றாள். "இத்தனை வருஷம் பலகைப் பக்கமே வராதவன்டா. யாரோ பழக்கியிருக்காங்க. அவனைக் கண்டுபிடிச்சுச் சுடு."

"மிஸ் வெர்டி, என் கையில இருக்குற காகிதத்துல முதலைன்னுதான் எழுதியிருக்கு," என்றான் நோலன். பாவம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் பத்தடி தள்ளி நின்றேன். என் வாயில் கொழுக்கட்டை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் படகு உரிமம் போயிருக்கும், அவ்வளவுதான். சொல்லவில்லை. துப்பாக்கி வெடித்தபோது நானூறு கூட்டிலிருந்தும் பறவைகள் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உட்கார்ந்தன. வெர்டி மட்டும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதையை ஏழு வாரம் மூடினார்கள். ஜூன் முதல் சனிக்கிழமை திறப்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள்.

டீக்கன் செத்த மூன்றாம் நாள் காலை நான் போனபோது வடக்குப் பக்க மரங்களில் சத்தமே இல்லை. சரணாலயத்தில் ஓயாத இரைச்சல்தான் இயல்பு. அந்த மௌனம் கேட்டதும் பலகை முனைக்கு ஓடினேன். மரத்தடியெல்லாம் முட்டை ஓடு. சேற்றில் பிள்ளைக் கை பதிந்தது போலத் தடங்கள். ஒரு கரண்டிவாயன் காலிக் கூட்டின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தது. ஒரு வாரத்தில் முந்நூறு கூடு போயிற்று. மீந்தது தெற்கு மூலையில் நூறு.

"இதுவும் போச்சுன்னா மொத்தமா கிளம்பிடும்," என்றாள் வெர்டி. "ஒருதரம் கைவிட்ட இடத்துக்குத் திரும்பி வராதுங்க. நான் சாகுறவரைக்கும் வராது."

அன்று பொழுது சாய்ந்ததும் அவள் மார்புவரை வரும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். கரைக்கும் தீவின் தெற்கு மூலைக்கும் நடுவே குறுகலான இடத்தில் இடுப்பளவு தண்ணீர். ரக்கூன்கள் கடப்பது அங்கேதான். கையில் நீளக் கழி, கழுத்தில் ஒரு தகரத் தட்டு. வயது அறுபத்தெட்டு. டீக்கன் கிடந்த இடத்தில் டீக்கனைப் போலவே அசையாமல் நின்றாள். புதர் சலசலத்தால் தட்டில் ஒரு அடி. நடுச்சாமம் தாண்டித்தான் ஏறுவாள். உதடு நீலம் பூத்திருக்கும்.

"நான் நிக்குறேன், நீங்க ஏறுங்க," என்றால், "நீ காப்பி கொண்டுவா போதும். உனக்கு நிக்கத் தெரியாது," என்பாள். தினமும் பலகை முனையில் காப்பிக் குடுவையோடு நான் உட்கார்ந்திருந்தேன். தினமும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தினமும் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பதினோராம் மாலை. வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. வெர்டியிடமிருந்து முப்பதடி தூரத்தில் தண்ணீரில் இரண்டு புடைப்பு தெரிந்தது.

"வந்துட்டான்டா," என்றாள் அவள். அவள் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. "குளம் காலியா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். ஓடையிலேர்ந்து புதுசா ஒருத்தன். இனி நான் வீட்டுல படுத்துத் தூங்கலாம்."

எழுந்து நின்று பார்த்தேன். மரத்துப் போன கால் பலகையில் தடுமாறியது. டொக், டொக், டொக். தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. நீந்த ஆரம்பித்தது. இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நீந்தியது, ஒரு முன்னங்கால் இல்லாதது போல. நொண்டி. என் கையிலிருந்து தின்பவன். அவனுக்கும் எனக்கும் நடுவில் வெர்டி.

"மிஸ் வெர்டி, ஏறுங்க! அவன் என்கிட்ட பழகுனவன்! தட்டுனா வருவான், மனுஷன் கிட்ட சோறு இருக்குன்னு வருவான்! டீக்கனையும் நான்தான் கெடுத்தேன், நான்தான்!" கத்தினேன்.

"காலை அசைக்காத," என்றாள் அவள். கழியைக்கூடத் தூக்கவில்லை. நொண்டி அவளை நெருங்கினான். நின்றான். அவள் இடுப்பருகே மூக்கு வந்து நின்றதை நான் பார்த்தேன். பிறகு அவளை உரசிக்கொண்டு கடந்து, என் காலடிக்கு வந்து, பலகைக்குக் கீழே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

வெர்டி மெதுவாகக் கரையேறி என்னிடம் வந்தாள். ரப்பர் உடைக்குள் கைவிட்டு, கசங்கிய சின்னப் பை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். லேடி பெர்ல் என்ற எழுத்து பாதி அழிந்திருந்தது.

"டீக்கன் வயித்துல இருந்துச்சு. நோலன் அன்னிக்கே குடுத்துட்டான். நீயா சொல்றியான்னு பார்த்தேன்."

"அதுக்காகவா இத்தனை நாள் தண்ணியில நின்னீங்க?"

"போடா முட்டாள். நின்னது கூட்டுக்காக. உனக்காக யாரு நிப்பா?"

எனக்கு அழுகை வந்தது. அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. "பாதை தொறக்க முப்பது நாள் இருக்கு. அதுக்குள்ள இவன் மனுஷனைக் கண்டா ஓடணும். இல்லேன்னா நோலன் மறுபடி வருவான், அதோட இந்தக் குளம் முடிஞ்சுது. நீ பழக்குன, நீயே மறக்க வை."

அவள் கழியை என் கையில் கொடுத்தாள். மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று தட்டு. நொண்டி வருவான், வாயைத் திறப்பான். நான் மூக்கில் ஓங்கி அடிப்பேன். முழுகிவிட்டு, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்தவன் போல மறுபடி வந்து வாயைத் திறப்பான். மறுபடி அடிப்பேன். வெர்டி பக்கத்தில் நின்று பார்ப்பாள். கை தளர்ந்தால், "பலமா," என்பாள். அவள் அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அழுதேன். தன்னை நம்புகிறதை அடிப்பது போன்ற கேவலம் உலகத்தில் இல்லை. ஒரு நன்மை நடந்தது: அவன் வந்த நாளிலிருந்து சேற்றில் பிள்ளைக் கைத் தடம் இல்லை. நூறு கூட்டிலும் குஞ்சு பொரித்தது.

இருபத்தெட்டாம் நாள் அவன் பாதி தூரம் வந்து நின்றான். இருபத்தொன்பதாம் நாளும் அப்படியே. இன்று பாதை திறக்கும் சனிக்கிழமை. விடிந்ததும் தட்டினேன். வரவில்லை. மறுபடி தட்டினேன். தண்ணீர் அசையவில்லை. வழக்கமாகப் படுக்கும் மணல் திட்டிலும் அவன் இல்லை, தீவின் நிழலிலும் இல்லை. குளத்தில் எங்கேயோ இருக்கிறான். பயப்படக் கற்றுக்கொண்டானா, பதுங்கக் கற்றுக்கொண்டானா என்று எனக்குத் தெரியவில்லை.

"வந்தானா?" என்றாள் வெர்டி.

"வரல."

"கண்ணாவது தெரிஞ்சுதா?"

"இல்ல."

வெளியே பேருந்து வந்து நிற்கும் சத்தமும் பிள்ளைகளின் குரலும் கேட்டன. இடுப்புச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்து, கதவைத் திறக்கச் சொன்னாள். நான் திறந்துவிட்டுத் திரும்பியபோது, அவள் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் வந்து நிற்கப்போகும் பலகை முனைக்குக் கீழே தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள்.