டீச்சருக்குப் போட்ட இடம்

சிதம்பரத்தில் ரயில் ஏறியதும் அம்மா முதலில் செய்கிற வேலை, தன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து ஜன்னலோர இருக்கையில் வைப்பதுதான். பரங்கிப்பேட்டையில் ஏறும் டீச்சருக்குத் தினமும் அப்படித்தான் இடம் போடுவாள். அன்று எங்கள் பள்ளிக்கு மட்டும் விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், கடலூரிலிருந்த தன் ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். ஒன்பது வயது ஆசையோடு அந்த ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தேன். "எழுந்திருடி, அது டீச்சர் எடம்" என்றாள். பெற்ற மகளைவிட டீச்சர் ஒசத்தியா? எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. அந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

வீட்டில் நான் பார்த்த அம்மா வேறு. விடிவதற்குள் என்னைப் பாதித் தூக்கத்தில் உட்காரவைத்து, சாயங்காலம் வரை அவிழக் கூடாதென்று தலை வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னிவிட்டு ஓடுவாள். இருட்டிய பிறகு வந்து சோறு வடித்து, தட்டின் முன்னாலேயே கண் சொக்குவாள். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய அன்று, பேசியதை அவளிடம் பேசிக்காட்ட நின்றேன். "நாளைக்குச் சொல்லு கண்ணு" என்றாள். மறுநாளும் அதையேதான் சொன்னாள்.

ரயிலில் இருந்தவளோ சரியான வாயாடி. டீச்சர் ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், தன் மேனேஜர் மூக்கால் பேசுவதை அப்படியே நடித்துக் காட்டினாள். பெட்டியே சிரித்தது. அம்மாவுக்கு நடிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளி, "பேச்சுப் போட்டில ஃபர்ஸ்ட்டாமே? ஒங்கம்மா மூணு நாளா இதையேதான் சொல்லிக்கிட்டு வர்றாங்க" என்றார். கேட்க நேரமில்லாதவளுக்குச் சொல்ல மட்டும் நேரம் இருந்ததாக்கும்! டீச்சர் நீட்டிய சம்சாவை வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் அம்மா டீச்சர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எழுப்பப் போன என் கையை டீச்சர் பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் தூங்கட்டும்மா. ராத்திரில நீ பேசுறப்ப தூங்கிடுறேன்னு அழுவுறாங்க." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நானோ கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன். எனக்காக அழுததைக்கூட அம்மா இவரிடம்தான் அழுதிருக்கிறாள்.

இருவரும் ஓய்வு பெற்று ஏழெட்டு வருஷம் ஆகிறது. கடலூரில் குடித்தனம் நடத்தும் நான் வேலை முடிந்து அம்மாவுக்குப் போன் போட்டால், எப்போதும் லைன் பிஸி. மறுமுனையில் யார் என்று கேட்கவே வேண்டாம். போன வாரம் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்: "டீச்சர்கிட்ட அப்படி என்னதாம்மா பேசுவ? எங்கிட்ட பேச ஒண்ணுமே இல்லியா?"

அம்மா கோபப்படவில்லை. "நீ என்னா கேக்குற? சாப்டியா, மாத்திர போட்டியா. போட்டேன்னா வச்சிடுற. அப்பறம் நான் என்னாத்தச் சொல்றது?"

"சரி, இப்பச் சொல்லும்மா. எவ்ளோ நேரமானாலும் கேக்குறேன்" என்றேன்.

"இருடி, டீச்சர் கூப்புடுறாங்க" என்று வைத்துவிட்டாள்.