பாய்லர் பற்றவைக்கும் நாள்

எண்ணூரில் எங்கள் குப்பத்து மணலில் நின்றால் நான் வேலை செய்யும் ஆலை முழுதாகத் தெரியும். ஒல்லியாக உயர்ந்த புகைபோக்கி ஒன்று. பக்கத்தில் இடுப்பு சிறுத்த பெரிய கோபுரம். கோபுரத்தின் வாயிலிருந்து எந்நேரமும் புகை போல வெள்ளையாக எழும்பிக்கொண்டிருக்கும். நான் அங்கே சுற்றுச்சூழல் பிரிவில் சேர்ந்ததும் அம்மா அதைக் கைகாட்டி, கூட மீன் விற்கும் பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்: "அந்தப் பொகைய வெள்ளையாக்கினது எம்பொண்ணுதான்."

அது புகையே இல்லை. சூடான தண்ணீரை ஆறவைக்கும் கோபுரம் அது, வருவது நீராவி. என் வேலை ஒல்லிப் புகைபோக்கியோடு. அதிலுள்ள கருவிகள் தூசியையும் கந்தகப் புகையையும் அளந்து என் கணினிக்கு அனுப்பும். அளவு ஏறினால் பாய்லர் பிரிவை அழைத்துக் கேட்பேன். எரித்த நிலக்கரியை வைத்து, எவ்வளவு கரியமில வாயு வெளியே போனது என்றும் கணக்கிடுவேன். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

"கண்ணுக்கே தெரியாததுக்கா சம்பளம் குடுக்கறானுங்க? அந்த வெள்ளையே இருக்கட்டும், பாக்க நல்லா கீது" என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அம்மாவுக்கு என்னைவிடக் கூச்சம் குறைவு.

சென்ற ஆண்டு பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தினார்கள். வெள்ளையும் நின்றது. திரும்பப் பாய்லரைப் பற்றவைக்கும்போது முதலில் எண்ணெய்தான் எரியும். நிலக்கரி நன்றாகப் பிடிக்கும்வரை, சாம்பலை இழுத்துப் பிடிக்கும் மின்தகடுகளை இயக்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு படிந்து தீப்பிடிக்கும். அந்தச் சில மணி நேரம் கரும்புகைதான். அன்று காற்று எங்கள் குப்பத்துப் பக்கம் வீசியது.

அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "கண்ணு, உன்ன வேலைய வுட்டு தூக்கிட்டானுங்களா?"

"இல்லியே, ஏம்மா?"

"எல்லாரும் கேக்கறாளுங்க. 'இன்னாக்கா, உம்பொண்ணு இன்னிக்கி லீவா'ன்னு."

வேலை முடிந்ததும் சீருடையோடு நேரே கரைக்குப் போனேன். அம்மா வலைமேல் காயப்போட்டிருந்த நெத்திலியில் கரித்துகள் படிந்திருந்தது. போனில் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் ஆரம்பித்தாள். "வந்துட்டாம்மா கலெக்டரு! வெள்ளையாக்கறேன்னு சொல்லிகினு கருப்பா வுட்டுகினு கீறீங்களே, இன்னாம்மே?"

மணலில் உட்கார்ந்தேன். அந்த வெள்ளைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, இந்தக் கருப்புதான் எங்கள் பிரிவைச் சேர்ந்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது அம்மாவைப் பார்க்க முடியவில்லை. அவள் ஒவ்வொரு நெத்திலியாக எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"பத்த வெக்கப்போறது உனுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா."

"சொல்லியிருந்தா அள்ளி உள்ள வெச்சிருப்போமே கண்ணு." கோபமே இல்லை. நகர்ந்து, தான் உட்கார்ந்திருந்த சாக்கில் எனக்கும் இடம் விட்டாள்.

மறுநாள் மேலாளரிடம் போனேன். காற்று குப்பத்துப் பக்கம் வீசாத நேரத்தில் பற்றவைக்க வேண்டும், முதல் நாளே குப்பத்துக்குத் தகவல் போக வேண்டும் என்றேன். "கரையில் இருப்பவர்களுக்கெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பது?" என்றார். "அந்தக் கரையில்தான் சார் என் வீடு" என்றேன். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் இரண்டையும் ஆலையின் செயல்முறையில் சேர்த்தார்கள். இதனால் புகை குறைந்துவிடவில்லை. அதற்கான வேலை இன்னும் நடக்கிறது.

இந்த ஆண்டு பற்றவைப்பதற்கு முதல் நாள், தகவல் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மாவை அழைத்தேன். விஷயத்தைக் கேட்டவள் போனை வைக்காமலே கத்தினாள்: "ஏய், நாளைக்கிக் காலைல எவளும் நெத்திலி பரப்பாதீங்க! கம்பெனிலேர்ந்து சொல்றாங்க!"

தூரத்தில் அந்த அக்காவின் குரல் கேட்டது. "மத்தியானம் போடலாமான்னு கேளுக்கா அவள."

"காத்தப் பாத்துட்டு நானே போன் பண்றேன்னு சொல்லும்மா" என்றேன்.