வேலியோரத்தில் நான் உளவாளியானது

பிள்ளைகளா, முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நம் வீட்டுப் பெரியவள் மறுபடி கூடைப்பந்து ஆடியது உங்கள் இருவருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் பெரியவளே, நீ கோர்ட்டுக்குள் இருந்தாய். தம்பி, நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். கம்பி வேலிக்கு வெளியே என்ன பேச்சு நடந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும். பத்தாவதோடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பா அறுத்து, வயலில் உளுந்து இலை விட்டிருந்த நேரம். வேலை குறைவு. சாயங்காலமானால் ஒரத்தநாட்டிலிருந்து மொபெட்டில் தஞ்சாவூருக்கு வந்து, உன் கல்லூரி மைதானத்து வேலியோரம் நிற்பேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அந்த மைதானத்திலேயே நடக்கவிருந்தது, நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் அதே போட்டியில்தான் நீ எகிறி இறங்கும்போது முட்டி ஜவ்வு அறுந்தது. இனி ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீயும் முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடினாய், பந்தைத் தட்டினாய், எறிந்தாய். எகிற மட்டும் மாட்டாய். வளையத்தடியில் பந்து விழுந்தால் ஒதுங்கிக்கொள்வாய். அதை உன்னிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

வேலியோரம் ஒரு ரசிகர் கூட்டம் கூடும். அதில் வாய் ஓயாதவர்கள் இருவர். ஒருவர் உரக்கடைக்காரர், மற்றவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். எந்தக் கல்லூரி கப்பை எடுக்கும், போன வருஷம் ஆடியவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்று ஒரே வழக்கு.

"திருச்சி டீமுக்குத்தான் கப்பு. போன வருஷம் ஆடின அஞ்சு பேரும் வருதுங்க" என்றார் கண்டக்டர்.

"எங்கய்யா அஞ்சு? அந்த நெட்டப் பொண்ணுக்குத் தையில கல்யாணம் ஆயிடுச்சு" என்றார் உரக்கடைக்காரர்.

"கல்யாணம் ஆனா கை குட்டையாப் போயிடுமா?"

"அத அவ மாமியாரக் கேளு. நீ நம்ம டீமப் பத்திப் பேசு."

"நம்ம முட்டிக்கட்டுப் புள்ள ஆடிச்சுன்னா செமி ஃபைனல் நிச்சயம்."

"வரும், பெஞ்சுல உக்காரும். அது குறுவையோட முடிஞ்சுபோச்சுய்யா."

"ஏன், குறுவ அறுத்த வயல்ல நீ ரெண்டாம் போகமாத் தாளடி நட்டதே இல்லையா?"

"நட்டேன். மழையில அழுகிப் போச்சு."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் வந்து வாய் திறக்காமல் நிற்கும் ஆள்மேல் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. கண்டக்டர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எந்தக் காலேஜ் உங்கள உளவு பாக்க அனுப்பிச்சுது? திருச்சியா?"

நான் முழித்தேன். அந்த முழிதான் அவர்களுக்குச் சாட்சி. அந்த நேரத்தில் நீ வேலிக்கு வந்து, "அப்பா, நீங்க கொண்டுவந்த தண்ணி பாட்டில் வண்டியிலயே இருக்கு, எடுத்துக் குடுங்களேன்" என்றாய்.

பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், கண்டக்டர் துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார். உரக்கடைக்காரர் மட்டும் அசையவில்லை.

"நீங்க அப்பாங்கறதுக்காக நான் பேச்ச மாத்த மாட்டேங்க. புள்ள எகிற மாட்டேங்குது, பாத்தீங்களா?"

"பாத்தேங்க" என்றேன். "எகிறிடுமா?"

"தெரியலீங்க. எகிறிச்சுன்னா நான் தோத்தேன். எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித் தர்றேன்."

ஆட்டத்தன்று பாதிக்குமேல்தான் உன்னை இறக்கினார்கள். எதிரில் திருச்சி டீம். அந்த நெட்டைப் பெண்ணும் வந்திருந்தாள். "பாத்தியா, மாமியாரு விட்டுட்டாங்க!" என்று கண்டக்டர் குதித்தார். முதல் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. நீ ஒதுங்கினாய். "போச்சு" என்று யாரோ சொன்னார்கள். உரக்கடைக்காரர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த பந்துக்கு அந்த நெட்டைப் பெண் எகிறினாள். கூடவே நீயும் எகிறினாய். பந்து உன் கையில். ஜவ்வு அறுந்த கால்தான் முதலில் தரையைத் தொட்டது. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார், நான் மூடவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றாய். பிறகு பந்தை எறிந்துவிட்டு ஓடினாய்.

"அப்படித்தான் தங்கம்!" அந்தக் கத்தல் உரக்கடைக்காரருடையது.

"தோத்துட்ட ஓய்" என்றார் கண்டக்டர்.

"தோத்தா தோத்துட்டுப் போறேன், போய்யா!"

அன்று ஜெயித்தது நம் டீம். மறுநாளும் அதே கோர்ட்டில் ஆட்டம். நீ தோழிகளோடு விடுதிக்குப் போனாய். கூட்டம் உரக்கடைக்காரரை இழுத்துக்கொண்டு பஜ்ஜிக் கடைக்குப் போனது. பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். நீ எகிறி இறங்கிய இடத்தில் சிமெண்டுத் தரைமேல் கால் வழுக்கும் மெல்லிய மணல். செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, தோள் துண்டால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்தேன்.