சாகிற இளவரசன்

எங்கள் தேவாலய மண்டபத்தில் நடக்கும் நாட்டுக்கூத்துக்கு நான்தான் திரை இழுப்பவன். இம்முறை கதை, சித்தப்பாமார் அரியணைக்காகத் தங்களுக்குள் அடிபட, இடையில் அகப்பட்டுப் பதினாறு வயதிலேயே போரில் சாகும் ஓர் இளவரசனுடையது. ஒரே பாத்திரத்தை இரண்டு மூன்று பேர் மாறிமாறி ஆடுவது எங்கள் வழக்கம். முடிசூடும் இளவரசனாக ஆட இளைஞர்கள் போட்டியிட்டார்கள். சாகும் இளவரசனாக ஆடுவது அபசகுனமென்று பிள்ளைகளைத் தாய்மார் விடவில்லை.

ஒப்புக்கொண்டவர், இங்கே கனடாவில் அஜக்ஸ் நகரத்து பேக்கரி ஒன்றில் இரவு வேலை செய்பவர். அறுபது வயதிருக்கும். மீசைக்கு மை பூசியிருந்தார். முழங்கால்கள் வீங்கியிருந்தன. ஒவ்வொரு ஒத்திகையிலும் சாவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தருவார்.

"அண்ணை, உங்களுக்குப் பயமில்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? பதினாறு வயசில சாகவேண்டியவன் தம்பி நான். நாப்பது வருசம் லேட்டாச் சாகிறன்," என்று சிரித்தார்.

கூத்தன்று காலை வேலை முடிந்து, தூங்காமலே வந்தார். வாள்பட்டு விழுந்தார். அரசியாக ஆடிய அன்ரி அவர் தலையை மடியில் வைத்து ஒப்பாரி தொடங்கியதும், இளவரசன் குறட்டை விட்டார்.

"செத்தவன் குறட்டை விடுறானப்பா! திரையை இழு!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார். மண்டபம் சிரித்தது. கூத்தே கெட்டுவிட்டது என்று நான் கயிற்றைப் பிடித்தேன்.

அன்ரி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். இளவரசனின் நெஞ்சில் மெல்லத் தட்டியபடி, அதே ஒப்பாரியைக் குரல் தாழ்த்திப் பாடினார். மத்தளக்காரரும் கையைத் தளர்த்தினார். சிரிப்பு அடங்கியது.

பாட்டு முடிந்தும் நான் திரையை இழுக்கவில்லை. திரைக்கயிறு ஓடும் கப்பி கிறீச்சிட்டால் அவர் எழும்பிவிடுவார்.