கதவுக்கு வெளியே வந்தது யார்?

எழுபதுகளின் தொடக்கம். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் பள்ளி ஆசிரியை. திராவிட ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. குத்தகை, கூலி, நில உச்சவரம்பு என்று ஊருக்கு ஊர் தகராறு. எங்கள் ஊரில் கூலி உயர்த்தாமல் அறுவடைக்கு இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள். மிராசுதார் வீட்டார் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். கைகலப்பாகி, தொழிலாளர் தெருவில் ஆண்கள் பலர் தலைமறைவாகிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் நூலகத்தின் ஞாயிறு வாசகர் கூட்டத்தில் ஒரு திகில் கதையைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். கும்பகோணம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த, மலிவுத் தாளில் அச்சான அமெரிக்கப் பத்திரிகைக் கதை. தனி வீட்டில் ஒரு குடும்பம். இருட்டியதும் ஏதோ ஒன்று வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. அது என்னவென்று ஆசிரியர் கடைசிவரை காட்டுவதே இல்லை. கதையைத் தமிழில் சொல்லி, நடையைப் பாராட்டிவிட்டு, "வெளியே வந்தது என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

முன்வரிசையில் இருந்த மிராசுதார் வீட்டு அம்மாள்தான் முதலில் பேசினார். வார இதழ்த் தொடர்கதை ஒன்றுவிடாமல் படிப்பவர்.

"ஆளுங்கதான் டீச்சர். எங்க வீட்லயும் இப்பல்லாம் பொழுது சாயறதுக்குள்ள கதவைப் பூட்டிடறோம். யாரு எப்ப வந்து நிப்பாங்களோன்னு பயமா இருக்கு."

தொழிலாளர் தெரு ஆண்களைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நடவுக்குப் போகிறவள்; முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள்.

"எங்க வூட்ல பூட்டறதுக்குக் கதவே இல்லீங்கம்மா. கீத்துத் தட்டிதான். உங்க ஆளுங்க கம்போட வந்து எங்க வூட்டுக்காரரைத் தேடுனதுலேருந்து புள்ளைங்களை மூங்கில் தோப்புலதான் படுக்க வைக்கிறேன்."

அம்மாள் திரும்பி அவளைப் பார்த்தார். "எங்க ஆளுங்களா? எனக்குத் தெரியாதே."

"இப்பத் தெரிஞ்சிடுச்சுல்லீங்க." குரலில் கோபம்கூட இல்லை.

நூலகர் கூட்டத்தை முடித்துவிடலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். அதற்குள் அம்மாள் எழுந்து, "வா, காட்டு" என்றார். அந்த வெயிலில் இருவரும் முன்னும் பின்னுமாக வரப்பில் நடந்து போனதை வாசலில் நின்று பார்த்தோம். அந்த வீட்டிலிருந்து ஒருவர் தொழிலாளர் தெருவுக்குள் கால் வைத்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

கம்போடு சுற்றிய ஆட்களை மறுநாளே அவர் கணக்குத் தீர்த்து அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். கூலித் தகராறு அதோடு தீரவில்லை. தாசில்தார் முன்னால் பேசிப் பேசி, கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அந்த இரண்டு பெண்களும் சிநேகிதிகளாகவும் இல்லை. ஆனால், தோப்பில் படுத்த பிள்ளைகள் வீடு திரும்பின.

எத்தனையோ கதைகளைப் பற்றிப் பேசிவிட்டேன். இன்றும் பேச எழுந்ததும், எதிரில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்திருப்பார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.