ஜம்கூ பெருக்கிய களம்

வைகாசி வெயில் ஏறிவிட்டால் எங்கள் ராஜஸ்தான் பார்மேர் பக்கத்தில் மத்தியானம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் மணல்தான் உள்ளே போகும். ஜம்கூ மட்டும் அப்போதும் துடைப்பமும் கையுமாகத் திரிவாள். இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய். கொஞ்சம் உட்காரேன் என்றால் முள்மேல் உட்காரச் சொன்ன மாதிரி நெளிவாள். "இவளக் கால்ல சக்கரம் கட்டியே பெத்துப் போட்டிருக்காங்க" என்று அவள் ஓரகத்தி பேம்பி சொல்லாத நாள் கிடையாது.

அந்த வருஷம் அவள் பெருக்கித் தள்ளியது வாசலை அல்ல, களத்தை. வீட்டுக்குப் பின்னால் மண்ணுக்குள் கட்டின வட்டத் தொட்டி. அதைச் சுற்றி, அதை நோக்கிச் சரிகிற இறுகின களிமண் தரை. அதுதான் களம். மழை அதில் விழுந்து ஓடி, ஒரு துளை வழியாகத் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் வருஷம் முழுக்கக் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். கிணற்றுத் தண்ணீரா? வாயில் வைக்க விளங்காது, அத்தனை உப்பு. அதனால் களத்தில் செருப்புக் கால் படக்கூடாது, ஆடு மாடு நுழையக்கூடாது. இலந்தை முள் வேலி போட்டு, கோயில் மாதிரி வைத்திருப்பார்கள்.

மழைக்கு முன்னால் ஒரு தரம் பெருக்குவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இவள் தினமும் பெருக்கினாள். காரணம் இருந்தது. புருஷன் கேத்தாராம் பட்டென்று சொல்லிவிட்டான்.

"இந்தத் தடவையும் தொட்டி ரொம்பலேன்னா, மழை ஓஞ்சதும் குடும்பத்தோட உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான்."

"நான் வரமாட்டேன். வெட்டிப் போட்டாலும் வரமாட்டேன்."

"அத எங்கிட்ட ஏன் சொல்ற? மேகத்துகிட்டச் சொல்லு."

முன்பு ஒரு பஞ்சத்தில் குஜராத்தில் கட்ச் பக்கத்து உப்பளத்துக்குப் போனார்கள். அங்கேதான் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். தவழ ஆரம்பித்த சமயம் காய்ச்சல் வந்து போய்விட்டான். பாத்தி ஓரத்தில் புதைத்துவிட்டு, மறுநாளே உப்பு வாரப் போனாள் ஜம்கூ. அந்த வெள்ளை நிலத்தை இன்னொரு தரம் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும் அவளுக்கு. வேறொன்றுமில்லை.

ஆகவே பெருக்கினாள். ஒரு புல் முளைத்தாலும் மண்வெட்டியால் வேரோடு கொத்தி எடுத்தாள்.

"தேச்சுத் தேச்சு என்னடி பண்ணப் போற? மூஞ்சி பாக்கப் போறியா?" என்றாள் பேம்பி.

"உங்களுக்கென்னக்கா. உங்க புள்ளைங்க எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது."

பேம்பி உள்ளே போய்விட்டாள்.

ஆடி பிறந்து, ஒரு சாயங்காலம் மேற்கே வானம் பழுப்பாக எழுந்து வந்தது. முதலில் புழுதி, வன்னி மரம்கூடத் தெரியவில்லை. பிறகு இடி, அதன் பின்னால் சடசடவென்று மழை. எல்லோரும் களத்தோரம் ஓடினார்கள். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுத்தான் துளையின் அடைப்பை எடுக்க வேண்டும். ஜம்கூ அடைப்பைப் பிடித்தபடி குந்தியிருந்தாள்.

தண்ணீர் வரவே இல்லை. பக்கத்து வீட்டுக் களத்தில் ஓடுகிற சத்தம் கேட்கிறது, இங்கே மட்டும் இல்லை. ஜம்கூ தரையில் கையை வைத்தாள். மணிக்கட்டு வரை உள்ளே போனது. வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த மேல்தோலைத் துடைப்பமும் மண்வெட்டியுமாகத் தானே உரித்துப் போட்டது அப்போதுதான் புரிந்தது. விழுகிற மழையை எல்லாம் மண் குடித்துக்கொண்டிருந்தது.

பாவி, அழுதுகொண்டு உட்காரவாவது செய்தாளா? எழுந்து போய் வேலி முள்ளை இழுத்துத் தள்ளினாள். பட்டியைத் திறந்து மொத்த ஆட்டையும் களத்துக்குள் ஓட்டினாள்.

பேம்பி குறுக்கே வந்து நின்றாள். "குடிக்கிற தண்ணி விழுற எடத்துல ஆட்ட விடுறியே, புத்தி பெரண்டு போச்சா?"

"தொள அடைச்சுத்தான்க்கா இருக்கு, ஒரு சொட்டு உள்ள போகாது. ஆடு மிதிச்ச சேத்துல தண்ணி நிக்குமா நிக்காதா? பட்டி வாசல்ல தெனம் பாக்குறோமே. இன்னிக்கு மழை போனாப் போகட்டும், தரை இறுகட்டும். வழி விடுங்க."

"இந்தத் தண்ணிய நான் தொடமாட்டேன், சொல்லிட்டேன்."

கேத்தாராம் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். திட்டப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மறுபக்கம் ஓடி ஆடுகளைத் திருப்பிவிட்டான். மழை நிற்கும்வரை இரண்டு பேரும் சேற்றில் ஓடினார்கள். பிசைந்த மாவாட்டம் ஆனது தரை.

அதற்குப் பிறகு வந்ததுதான் அவளுக்கு நரகம். தரை காய்ந்து இறுகும்வரை யாரும் அதில் கை வைக்கக்கூடாது. காய்ந்ததும் புழுக்கையைக் கையால் பொறுக்கினாள், துடைப்பத்தைத் தொடவில்லை. மற்ற நேரமெல்லாம் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கோ இடி உருண்டால் ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். இங்கே வராமல் வேறெங்கோ கொட்டிவிட்டுப் போகும். அந்த மேகத்தை வாய்க்கு வந்தபடி ஏசுவாள்.

ஆடிக் கடைசியில் ஒருநாள் இங்கேயே கொட்டியது. களத்தில் தண்ணீர் ஓடியது. செம்மண் நிறத்தில் வந்ததை வெளியே விட்டார்கள். ஜம்கூவின் கை அடைப்பைப் பற்றியது.

"எடுத்துடவாக்கா? மழை நின்னுடப் போகுது."

"இருடி, இன்னும் கொஞ்சம் தெளியட்டும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டது யார் தெரியுமா? அந்தத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்ற பேம்பிதான்.

அடைப்பை எடுத்ததும் தொட்டிக்குள் தண்ணீர் விழுந்த சத்தம் வீட்டுக்குள் எல்லாம் கேட்டது. ஆனால் தொட்டி பாதிதான் நிறைந்தது. அதற்குமேல் மழை இல்லை. வயலில் கம்பும் பாதிதான் விளைந்தது.

கேத்தாராம் தொட்டிக்குள் கயிறு விட்டு ஆழம் பார்த்தான். "எல்லாருக்கும் காணாது. அண்ணன் குடும்பமும் நீயும் புள்ளைங்களும் இருங்க. உப்பளத்துக்கு நான் மட்டும் போயிட்டு வரேன்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அவன் போகிற அன்றைக்கு ரோடு வரைக்கும் கூடவே நடந்தாள். பஸ் வருகிற நேரம் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினாள். அவன் மூடியைத் திருகப் போனான்.

"அது உங்களுக்கு இல்லங்க. அவன் நம்ம வீட்டுத் தண்ணிய ஒரு வாய்கூடக் குடிச்சதில்ல. அங்க போனதும் பாத்தி ஓரத்துல அவன் மேல ஊத்திருங்க."

கேத்தாராம் பாட்டிலை மூட்டைக்குள் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினான்.